எந்த மெஷின்ல பாத்தீங்க?

அளவு விஷயத்தில் தையல்காரம்மாவிடம் யாரும் வாய் கொடுத்து மீள முடியாது. "போன தடவை முப்பத்திரண்டுதானே இருந்துச்சு, அதுக்குள்ள எப்படி முப்பத்தஞ்சு? உங்க டேப்புதான் சுருங்கிடுச்சு" என்று யாராவது முனகினால் போதும். கழுத்தில் தொங்கும் டேப்பை உருவி, வெட்டு மேசையின் ஓரத்தில் ஆணி அடித்து வைத்திருக்கும் இரும்பு ஸ்கேலின் மேல் நீட்டிக் காட்டிவிடுவாள். "டேப்பு பொய் சொல்லாதும்மா. நம்ம வாய்தான் சொல்லும்" என்பாள். வந்தவர் அசடு வழிந்துகொண்டு முப்பத்தைந்தையே ஒப்புக்கொண்டு போவார்.

அந்த வாய் யாருடையதாகவும் இருக்கலாம் என்பதை மட்டும் அவள் யோசித்ததில்லை.

அவள் கணவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆகியும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். நின்றுகொண்டே பாதி ஆயுளைக் கழித்த மனிதரைச் சர்க்கரை வியாதி உட்கார வைத்தது. பிறகு அது சிறுநீரகத்தையும் தின்று தீர்த்தது. இப்போது அவருக்கு வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய குழாய். மேலே கொக்கியில் ஒரு பை தண்ணீரை மாட்டி வயிற்றுக்குள் இறக்க வேண்டும். சில மணி நேரம் அது உள்ளே கிடந்து கழிவை இழுத்துக்கொள்ளும். பிறகு கீழே ஒரு காலிப் பையில் வடித்துவிட வேண்டும். எல்லாம் தையல்காரம்மாவின் கை. சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, முகமூடி கட்டி, நூல் பிசிறு ஒன்றுகூட இல்லாமல் துடைத்து வைத்த அறைக்குள் அவள் நுழையும்போது, "ஏறினவன்லாம் இறங்கு, இறங்கினவன்லாம் ஏறு. ரைட், ரைட்!" என்று அவர் கட்டிலில் இருந்து குரல் கொடுப்பார். ஒரே நகைச்சுவையைத் தினம் கேட்டுச் சிரிக்கிறவள் பெயர்தான் மனைவி.

சர்க்கரை பார்ப்பதும் ஊசி போடுவதும்கூட அவள்தான். பார்க்கும் மெஷின் அவள் தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. கடுகளவு ரத்தம் போதும், எண்கள் கொட்டை கொட்டையாகத் தெரியும். ரத்தத்தைத் தொட்டு வைக்கும் துண்டுப் பட்டைகளையும் தீரத் தீரத் தம்பியே அனுப்பிவிடுவான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் தம்பி குடுத்தது" என்று காட்டியிருக்கிறாள்.

வீட்டில் இன்னொரு மெஷினும் உண்டு. டயாலிசிஸ் பிரிவின் நர்ஸ் சும்மாவே கொடுத்தது. "இனிமே இதுலயே பாருங்கம்மா" என்று அந்தப் பெண் இரண்டு கையாலும் நீட்டினாள். கொடுக்கிறவள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அது பட்டன் டப்பாவுக்குள் போய்விட்டது. ஒரு நாள் தம்பியின் மெஷினுக்கு பேட்டரி தீர்ந்து கடையும் மூடியிருந்தபோது, நர்ஸின் மெஷினைத் திறந்து அதன் பேட்டரியைப் பிடுங்கி இதில் போட்டாள். மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் மட்டும் அந்த வெற்று மெஷினைக் கைப்பைக்குள் வைத்து, நர்ஸின் கண்ணில் படுகிற மாதிரி பையைத் திறந்து வைப்பாள். இது அவள் தொழில் கற்றுக் கொடுத்த மரியாதை. தைத்த சட்டை பிடிக்காதவர்கள் கூட அவள் கடைக்கு வரும் நாளில் மட்டும் அதைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் இரவுக்கு மட்டும் வேறு பை எழுதினார். கால் வீக்கம் வடியவில்லை, இந்தப் புதுத் தண்ணீர் உடம்பில் தேங்கும் நீரை நன்றாக இழுக்கும் என்றார். பையைக் கொடுக்கும்போது நர்ஸ் கேட்டாள்.

"வீட்டுல எந்த மெஷின்ல சுகர் பாக்கறீங்க?"

"நீங்க குடுத்ததுலதான் சிஸ்டர். வேற எதுல பாப்பேன்?"

"அப்ப கவலையில்லை" என்று நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

புதுப் பை நன்றாகவே வேலை செய்தது. வீக்கம் வடிந்தது, பழைய செருப்பு காலில் நுழைந்தது. ஆனால் சர்க்கரை ஏறத் தொடங்கியது. இருநூற்றைம்பது, இருநூற்றெண்பது. எண்ணுக்குத் தகுந்தபடி ஊசியைக் கூட்டும் முறையை முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளும் அதன்படி கூட்டினாள். ஊசி கூடக் கூட அவர் சோர்ந்துகொண்டே போனார். விடிகாலையில் தலையணை நனைந்து கிடக்கும். "வெயில்" என்றாள். ஒரு நாள் டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. "வயசு" என்றாள். எண்தான் எதிரே கொட்டை எழுத்தில் நிற்கிறதே, பிறகு மனிதர் முகத்தை யார் பார்ப்பார்கள்?

அன்றைக்குக் காலையில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

"இன்னிக்கு ஊசி வேணாம்மா" என்றார் அவர். "உடம்பு காலியா இருக்கு. கடைசி ட்ரிப் முடிஞ்சு ஷெட்டுக்குப் போற பஸ் மாதிரி."

"உங்களுக்குத் தெரியுமா, மெஷினுக்குத் தெரியுமா? தொண்ணூத்தாறுங்க, முன்னால இருநூறு வேற!"

 அவர் பனியனைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். "சரி, போடு. நீ போட்டா வலிக்காது."

போட்டாள்.

மதியம் கடையாக இருந்த முன்னறையில், அளவு பார்க்க வந்த பேங்க் அம்மா கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தாள். தைத்துக்கொண்டிருந்த கோட்டுக்கு ஒரு கை மட்டும்தான் வைத்திருந்தது, அதுவும் குண்டூசியில் நின்றது. தையல்காரம்மா தோளில் சாக்பீஸ் கோடு இழுத்துக்கொண்டே, "சாப்பிட வாங்க, நேரமாச்சு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். பதில் இல்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது கண்டக்டர் ஏதோ சொன்னார். அது தமிழ் மாதிரியே இல்லை.

உள்ளே போய்ப் பார்த்தாள். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காற்றில் விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தார். இல்லாத டிக்கெட் புத்தகத்திலிருந்து இல்லாத டிக்கெட்டைக் கிழித்து, எதிரே இல்லாத யாருக்கோ நீட்டினார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டு சொட்டாக மடியில் விழுந்தது. முகம் வெளுத்துப்போய் மெழுகு பூசியது போல் இருந்தது.

"என்னங்க... என்னங்க, என்னைப் பாருங்க!"

பார்த்தார். ஆனால் அந்தப் பார்வை அவள்மேல் நிற்காமல் அவளைத் தாண்டிச் சுவருக்குப் போனது. இத்தனை வருஷத்தில் அவர் அவளை அடையாளம் தெரியாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. 

தம்பியின் மெஷினை எடுத்தாள். விரல் ஐஸ்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. குத்தினாள், பிழிந்தாள், பட்டையை நீட்டினாள். இருநூற்றுப் பதினாலு.

இருநூற்றுப் பதினாலா? அப்படியென்றால் சர்க்கரை இறங்கவில்லை. இறங்கினால்தான் இப்படி வியர்க்கும், பிதற்றும் என்று எல்லாரும் சொல்வார்கள். இங்கே சர்க்கரை உச்சியில் அல்லவா நிற்கிறது? ஊசிப் பேனாவை எடுத்தாள், இருநூற்றுப் பதினாலுக்கு உண்டான அளவைத் திருகி வைத்தாள். போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பேனாவை மேசையில் வைத்துவிட்டு நர்ஸைப் போனில் பிடித்தாள். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"வேர்வையா? குழறுறாரா?" நர்ஸின் குரல் விறைத்தது. "சுகர் பாத்தீங்களா?"

"இருநூத்திப் பதினாலு சிஸ்டர்."

"எந்த மெஷின்ல பாத்தீங்க? நாங்க குடுத்ததுலதானே?"

"ஆமா சிஸ்டர், அதுலதான்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்குக் கேட்டது. யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. பழகிய நாக்கு தன்பாட்டுக்குப் புரண்டுவிட்டது.

"அப்ப சுகர் இறங்கல. இது பக்கவாதமா இருக்கலாம். ஆம்புலன்ஸுக்கு நானே சொல்றேன். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காதீங்க, புரை ஏறிடும். நான் டாக்டர்கிட்ட பேசிட்டு வரேன்."

போன் வைக்கப்பட்டது. பேங்க் அம்மா ஒற்றைக் கைக் கோட்டோடு கதவருகே நின்றாள். "என்னக்கா?"

"பக்கவாதமாம்." சொல்லும்போதே அவள் வாய் கோணிக்கொண்டது. இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் படுக்க வைத்தார்கள். பனியன் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போல இருந்தது. ஆம்புலன்ஸைப் பார்த்து வழி காட்டுகிறேன் என்று பேங்க் அம்மா தெருவுக்கு ஓடினாள். குண்டூசி குத்தியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

தையல்காரம்மா தனியாக நின்றாள். மேசையில் ஊசிப் பேனா தயாராகக் கிடந்தது. பக்கவாதமானாலும் சர்க்கரை சர்க்கரைதானே, அதை ஏற விடக்கூடாதே? போட்டு வைத்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் கொஞ்சமாவது இறங்கும். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். அவர் பனியனைத் தூக்கினாள். எப்போதும் தானே தூக்கிக் காட்டுகிற கை இப்போது கட்டிலுக்கு வெளியே துவண்டு தொங்கியது.

ஊசி முனை தோலைத் தொடும் நேரத்தில் நர்ஸின் கேள்வி மறுபடியும் காதில் விழுந்தது. எந்த மெஷின்ல பாத்தீங்க?

ஏன் அதை இரண்டு தடவை கேட்டாள்? போன வாரமும் கேட்டாள், இன்றைக்கும் கேட்டாள். எண் என்னவாக இருந்தாலும் எண்தானே, எந்த மெஷினில் பார்த்தால் என்ன? ஆம்புலன்ஸில் வருகிறவர்களும் கேட்பார்களோ? காட்டு என்று சொன்னால் பேட்டரி இல்லாத மெஷினை எப்படிக் காட்டுவது? அந்த நேரத்திலும் அவளுக்கு வந்த பயம் இதுதான். பொய் வெளிப்பட்டுவிடுமே என்ற பயம். அதை உண்மையாக்கிவிடலாம், அந்த மெஷினிலும் ஒரு தடவை பார்த்துவிட்டால் சொன்னது பொய் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தாள். மனசு எவ்வளவு கேவலமானது பாருங்கள். ஆனால் அந்தக் கேவலம்தான் அவள் கையிலிருந்த ஊசியைத் திரும்ப மேசையில் வைக்க வைத்தது.

பட்டன் டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். பட்டன்கள் நாலாபக்கமும் உருண்டோடின. நர்ஸ் கொடுத்த மெஷின் விழுந்தது, பிரிக்காத பட்டைக் குப்பியும் விழுந்தது. தம்பியின் மெஷினின் முதுகைக் கத்தரிக்கோல் முனையால் நெம்பி பேட்டரியை எடுத்தாள். இரண்டு தடவை கைநழுவிப் பட்டன்களோடு பட்டனாக ஓடி மறைந்தது. ஊசித் துளையில் இருட்டிலும் நூல் கோக்கிற அந்த விரல்களுக்கு ஒரு வட்டமான பேட்டரியைப் பிடிக்கத் தெரியவில்லை. கடைசியில் நகத்தால் கிள்ளி எடுத்துப் போட்டாள். திரை விழித்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க, ஒரே ஒரு குத்து" என்றாள் அவரிடம். அவர் தாடை கிட்டித்திருந்தது. விரலைக் குத்தியும் முகம் சுளிக்கவில்லை. இந்த மெஷினுக்கு ரத்தம் அதிகம் வேண்டும். மாவு பிசைவது போல் விரலைப் பிசைந்தாள்.

முப்பத்தொன்பது.

ஏதோ ஒரு இலக்கம் விழாமல் போய்விட்டது என்று முதலில் நினைத்தாள். இன்னொரு பட்டையை எடுத்தாள். இன்னொரு விரல்.

முப்பத்தேழு.

 ஒரே உடம்பு, ஒரே ரத்தம். ஒன்று இருநூற்றுப் பதினாலு என்கிறது, இன்னொன்று முப்பத்தேழு என்கிறது. முதலாவது சரி என்றால் அந்த ஊசியைப் போட்டாக வேண்டும். இரண்டாவது சரி என்றால் அந்த ஊசி அவரைக் கொன்றுவிடும். சட்டை அளவாக இருந்தால் ஓரம் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். இங்கே பிரித்துத் தைக்க என்ன இருக்கிறது? டேப்பு பொய் சொல்லாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், இரண்டு டேப்பும் இரண்டு விதமாகச் சொல்லும்போது ஸ்கேல் எங்கே என்று தெரியாமல் நின்றாள். அப்போதுதான் எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தை முழுசாகப் பார்த்தாள். வேர்த்து, வெளுத்து, கண் செருகி... உடம்பு காலியா இருக்கு என்று காலையிலேயே சொன்னாரே!

போனை எடுத்தாள். நர்ஸ் "சொல்லுங்க" என்பதற்கு முன்பே கத்தினாள்.

"சிஸ்டர், நான் பொய் சொன்னேன்! உங்க மெஷின்ல பாக்கவே இல்ல. இத்தனை நாளா பாத்ததெல்லாம் என் தம்பி குடுத்த மெஷின். இப்பதான் உங்களதுல பாத்தேன், முப்பத்தேழு காட்டுது!"

 "ஊசி போட்டீங்களா?"

"காலைல போட்டேன். இப்ப போடல. மேசையில தயாரா இருக்கு."

"தூக்கி எறிங்க! சர்க்கரை எடுங்க, சமையல் சர்க்கரை. துளி தண்ணி விட்டுக் கெட்டியாக் குழைச்சு, ஒருக்களிச்சபடியே கன்னத்துக்கு உள்பக்கம் தேயுங்க. ஊத்தாதீங்க, தேய்க்க மட்டும் செய்ங்க. தேச்சுகிட்டே இருங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

இந்த வீட்டில் சர்க்கரை டப்பா எட்டாத பரண்மேல் இருந்தது. அவர் திருடித் தின்றுவிடக்கூடாதென்று அவளே ஒளித்து வைத்தது. நாற்காலி போட்டு ஏறினாள், டப்பா கை தவறிச் சமையலறை முழுக்கக் கொட்டியது. தரையிலிருந்தே அள்ளினாள். குழைத்தாள். கிட்டித்த பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே விரலை நுழைத்துத் தேய்த்தாள். வருஷக்கணக்காக விஷம் விஷம் என்று அவர் கையிலிருந்து பிடுங்கி எறிந்ததை இப்போது வாய்க்குள் திணிக்கிறாள். இதுவும் தப்பாக இருந்தால்? நர்ஸின் மெஷின் டப்பாவில் கிடந்து கெட்டுப் போயிருந்தால்?  ஆனாலும் விரல் நிற்கவில்லை.

மேசையில் போன் பேசிக்கொண்டிருந்தது. "அந்தப் புதுப் பைத் தண்ணியிலயும் ஒரு மாதிரி சர்க்கரை இருக்கும்மா. அது ரத்தத்துல கலந்து வேற சர்க்கரையா மாறி நிக்கும். சில மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, எல்லாத்தையும் ஒண்ணா எண்ணிக் காட்டிடும். அதுக்காகத்தானம்மா அன்னிக்கே கேட்டேன்..." நர்ஸின் குரல் உடைந்தது. அவளும் அழுகிறாள் போலிருந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். தையல்காரம்மாவின் புளுகு எட்டாம் நாளைத் தொடுவதற்குள் ஆளையே கொண்டுபோகப் பார்த்தது.

"என்னங்க. முழுங்குங்க. என்னங்க, ரைட் சொல்லுங்க. ஒரு தடவை ரைட் சொல்லுங்க."

எவ்வளவு நேரம் தேய்த்தாள் என்று அவளுக்குத் தெரியாது. முதலில் நாக்கு அசைந்தது. பிறகு அவர் பல் அவள் விரலைக் கடித்தது. வலித்த சந்தோஷத்தில் அவளுக்கு விம்மல் வெடித்தது. கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். இந்தத் தடவை பார்வை அவளைத் தாண்டிப் போகவில்லை.

"இனிக்குது" என்றார் சந்தேகத்தோடு. "ஏம்மா... இன்னிக்கு என்ன விசேஷம்?"

வாசலில் ஆம்புலன்ஸ் சத்தமும், அதற்கும் மேலே பேங்க் அம்மாவின் சத்தமும் கேட்டன.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள். அதுதான் இரும்பு ஸ்கேல் என்று அவள் தெரிந்துகொண்டாள். தம்பி கொடுத்த மெஷினை இனிமேல் தொடவே கூடாது, புதுத் தண்ணீரை நிறுத்தினாலும் ரத்தத்தில் அந்த வேறு சர்க்கரை கொஞ்ச நாள் நிற்கும் என்றார் டாக்டர். புது மருந்து எது சேர்த்தாலும் மெஷினைக் காட்டிக் கேளுங்கள் என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நர்ஸும் வந்து அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். பேங்க் அம்மா சொல்லியிருப்பாள். "அக்கா, மாமாவுக்கு என்னாச்சு? சுகர் பாத்தியா? மெஷின் ஒழுங்கா காட்டுதா?"

"ம், நல்லா காட்..."

வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடியும் அதே நாக்கு. எதிரே கட்டிலில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாயோரத்தில் சர்க்கரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"இல்லடா. அந்த மெஷின் எங்களுக்கு ஆகாது. அதுலதான் பாக்கறேன்னு சொல்லாம மறைச்சேன். உங்க மாமாவ இன்னிக்கு நான் கொல்லப் பாத்தேன்டா."

அவன் என்னென்னவோ கேட்டான். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். துண்டை நனைத்து எடுத்துக்கொண்டு, வாயோரத்தைத் துடைக்கலாம் என்று கட்டிலருகே போனாள். அவள் நிழல் மேலே விழுந்ததும் அவர் கண்ணைத் திறக்காமலே அசைந்தார். குளுக்கோஸ் ஊசி குத்தாத கையால் தட்டுத் தடவி, மருத்துவமனைச் சட்டையை மேலே தூக்கி வயிற்றைக் காட்டினார்.

"போடு" என்றார் தூக்கத்தில். "நீ போட்டா வலிக்காது."

துண்டு அவள் கையிலிருந்து விழுந்தது.

"ஒண்ணும் இல்லங்க" என்றாள். கண்ணை மூடியிருந்தவருக்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். "வெறுங்கைதாங்க. பாருங்க, என் கையில ஒண்ணும் இல்ல."